ஆறு உறைந்தால் விளக்கு எரியுமா?

பனிமலை நாடான லடாக்கின் மின்சாரப் பிரச்னை

பாரத நாட்டின் வடகோடியில் இருக்கும் லடாக் பிரதேசத்தில் இயற்கை ஒரு விசித்திரமான கணக்கு வைத்திருக்கிறது. கோடையில் அங்கே ஆறுகள் பொங்கிப் பாய்கின்றன. ஆனால் அப்போது மின்சாரத்தின் தேவை குறைவு. குளிர்காலத்தில் தேவை பெருகுகிறது. அப்போது ஆறுகள் மெலிந்து, கரையோரம் உறைந்து, பல இடங்களில் பனிக்கட்டிப் பாதையாகவே மாறிவிடுகின்றன. தாகம் இல்லாதவனுக்குக் குடம் குடமாக நீர் வார்த்துவிட்டு, நா வறண்டு நிற்பவனிடம் கையை விரிப்பது போன்ற நிலைமை இது.

நீரின் விசையால் மின்சாரம் எடுக்கும் எந்த நாட்டுக்கும் இத்தகைய சங்கடம் ஓரளவு உண்டு. லடாக்குக்கோ இது உயிர்ப் பிரச்னை. வெளியே தட்பமானி பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரிக்கு இறங்கும் இரவில் மின்சாரம் நின்றால், அது வெறும் அசௌகரியம் அன்று. குழந்தை பெற்ற தாய் படுத்திருக்கும் ஆஸ்பத்திரி அறையும், பள்ளிக்கூட விடுதியும், முதியவர் இருக்கும் வீடும் குளிரின் வசமாகிவிடும்.

இந்தப் பிரச்னையைத் தீர்க்கப் பல கோடி ரூபாய் செலவில் அணைகள் எழுந்திருக்கின்றன. மலைகளைத் தாண்டி மின்கம்பிகள் வந்திருக்கின்றன. இப்போது அதைவிடப் பன்மடங்கு பெரிய சூரிய மின்சாரத் திட்டம் ஒன்றும் வகுக்கப்பட்டிருக்கிறது. இவ்வளவுக்கும் பிறகு லடாக் மக்களின் குளிர்காலம் மாறுமா? இந்தக் கேள்வியைச் சற்று விரிவாக ஆராய்வது அவசியம்.

உயரமான பாலைவனம்

லடாக்கின் தலைநகரான லே சுமார் 11,500 அடி உயரத்தில் இருக்கிறது. பனிமலை என்றதும் மழையும் காடும் நிறைந்த பூமி என்று நினைத்துவிடக் கூடாது. லேயில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்து சுமார் நான்கு அங்குலந்தான். இமயத்தின் பெருஞ்சுவர் பருவமழை மேகங்களைத் தெற்கிலேயே தடுத்துவிடுகிறது. மரம் அருமை, விறகு அதைவிட அருமை. பள்ளத்தாக்கின் அடியில் ஓடும் ஆற்றையும், மலையிலிருந்து இறங்கும் ஓடையையும் ஒட்டித்தான் பார்லி வயலும், வீடுகளும், சிறு மரத்தோப்புகளும் உண்டு.

இவ்வளவு பெரிய பிரதேசத்தில் 2011-ம் ஆண்டு ஜனத்தொகைக் கணக்குப்படி இருந்தவர்கள் 2,74,289 பேர். லே ஜில்லா, கார்கில் ஜில்லா இரண்டையும் சேர்த்த கணக்கு இது. சிறிய ஊர்கள், ஒன்றுக்கொன்று வெகு தூரம், நடுவே 16,000 அடி, 17,000 அடி கணவாய்கள். ஒரு வீட்டுக்கு விளக்குப் போட ஒரு மலையைத் தாண்டிக் கம்பி இழுக்க வேண்டிய நாடு அது.

அங்கே பாயும் ஆறுகளில் தலையானது சிந்து. திபெத்தில் பிறந்து, லடாக்கின் நடுவே வடமேற்காக ஓடி, லே பட்டணத்துக்கு அருகே கடந்து, நிம்மூ என்ற இடத்தில் ஜான்ஸ்கார் நதியைச் சேர்த்துக்கொண்டு மேலே செல்கிறது. கார்கில் பக்கத்தில் சூரு நதி இருக்கிறது. இவை மழையை நம்பிய ஆறுகள் அல்ல. மலை முகட்டிலுள்ள பனியும் பனியாறுகளும் உருகினால்தான் இவற்றில் வெள்ளம் வரும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் நீர் கலங்கிப் புரளும். ஜனவரி, பிப்ரவரியில் உருகுவது அடியோடு நின்றுவிடும். ஆறு நூலாக இளைத்துவிடும்.

சாண அடுப்பிலிருந்து டீசல் வரை

மின்சாரம் வருவதற்கு முன் லடாக் மக்கள் குளிரை எப்படிச் சமாளித்தார்கள்? கோடை முழுவதும் மாட்டுச் சாணத்தையும், சமவெளியில் இல்லாத யாக் எருமையின் சாணத்தையும், புதர்ச் செடிகளையும் உலர்த்திச் சேர்த்து வைப்பார்கள். வீட்டின் சமையலறையே குளிர்காலத்தில் குடும்பத்துக்குக் கூடமும் படுக்கையறையும். எல்லோரும் அந்த ஒரே அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து மாதங்களைக் கடத்துவார்கள். பின்னர் மண்ணெண்ணெய் வந்தது. 'புகாரி' என்னும் இரும்புக் கணப்பு அடுப்பு வீட்டுக்கு வீடு புகுந்தது.

லே பட்டணத்துக்கு விளக்கு வந்தது பெரும்பாலும் டீசல் யந்திரங்களின் மூலம். பல ஆண்டுகளாக மாலையில் சில மணி நேரம் மட்டுமே மின்சாரம், பிறகு இருள். அந்த டீசலும் அங்கே ஊறுவதல்ல. ஸ்ரீநகரிலிருந்து ஸோஜி லா கணவாய் வழியாகவோ, மணாலியிலிருந்து உயர்ந்த கணவாய்கள் பலவற்றைத் தாண்டியோ லாரியில் ஏறி வரவேண்டும். குளிர்காலத்தில் அப்பாதைகளைப் பனி மூடிவிடும். ஆகவே வரப்போகும் ஐந்தாறு மாதங்களுக்கு வேண்டிய எண்ணெயை இலையுதிர் காலத்திலேயே கொண்டுவந்து குவிக்க வேண்டும். லாரி மலையேறுவதற்கே எண்ணெய் எரிகிறது. அப்படி வந்து சேர்ந்த எண்ணெயை மறுபடி எரித்து மின்சாரம் எடுப்பது எவ்வளவு செலவு பிடித்த காரியம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. புகையும் கரியும் மலைப் பனியின் மீது படிவது தனிக் கேடு.

சிற்றாறுகளில் சின்னஞ்சிறு மின் நிலையங்கள் அமைக்கும் முயற்சியும் நடந்தது. 2010-ம் ஆண்டில் மத்திய சர்க்கார் 473 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை லடாக்குக்கென்றே ஒதுக்கியது. சிறு நீர்மின் நிலையங்கள், சூரிய ஒளித் தகடுகள், வெந்நீர்க் கருவிகள் ஆகியவை அத்திட்டத்தில் அடங்கும். லேயிலும் கார்கிலிலும் அதற்கெனத் தனித்தனி அமைப்புகள் வேலை செய்தன. கம்பி எட்டாத கிராமங்களுக்கு இவை செய்த உதவி கொஞ்சமல்ல.

பனிக்கட்டி செய்யும் குறும்பு

சிறு நிலையங்களுக்கும் பெரு நிலையங்களுக்கும் பொதுவான எதிரி ஒன்று உண்டு. அது பனிக்கட்டி. ஆற்றின் மேற்பரப்பு உறைந்து மூடினால் அவ்வளவு கெடுதல் இல்லை. போர்வையின் கீழே நீர் ஓடிக்கொண்டிருக்கும். கெடுதல் செய்வது வேறு வகைப் பனி. வேகமாக ஓடும் நீர் உறைநிலைக்குச் சற்றுக் கீழே குளிர்ந்துவிட்டால், அதில் ஊசி போன்ற நுண்ணிய பனித்துகள்கள் தோன்றிக் கஞ்சி போல மிதந்து வரும். நீர் உள்ளே நுழையும் வாயிலில் குப்பை கூளத்தைத் தடுக்க இரும்புச் சட்டங்கள் இருக்குமல்லவா? அந்தச் சட்டங்களில் இவை ஒட்டிக்கொண்டு சில மணி நேரத்தில் வாயிலையே அடைத்துவிடும். திறந்த கால்வாய் வழியே நீர் கொண்டுவரும் சிறு நிலையங்களில் கால்வாயே உறைந்துபோகும். ஊழியர்கள் கடப்பாரையும் கழியும் கொண்டு பனியை உடைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கோடையில் வேறு தொல்லை. உருகி வரும் நீரில் வண்டலும் நுண்மணலும் கலந்திருக்கும். அந்த மணல் சுழலி யந்திரத்தின் உலோகத்தை உப்புத்தாள் போலத் தேய்க்கும். ஆகக் கோடையில் மணல், குளிரில் பனி. இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் சில மாதங்கள்தான் யந்திரத்துக்கு நிம்மதி.

இரண்டு பெரிய நிலையங்கள்

2014 ஆகஸ்ட் 12-ம் தேதி லடாக்கின் மின்சார வரலாற்றில் முக்கியமான நாள். அன்று பிரதமர் நரேந்திர மோடி நிம்மூ-பஸ்கோ, சூட்டக் ஆகிய இரண்டு நீர்மின் நிலையங்களை நாட்டுக்கு அர்ப்பணித்தார். தேசிய நீர்மின் கழகம் கட்டியவை இவை. நிம்மூ-பஸ்கோ, லேயிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர் தூரத்தில், அல்ச்சி கிராமத்தின் அருகே சிந்து நதியின் மீது அமைந்தது. அதன் சக்தி 45,000 கிலோவாட். சூட்டக், கார்கிலுக்கு அருகே சூரு நதியில் அமைந்தது. அதன் சக்தி 44,000 கிலோவாட். இரண்டும் சேர்ந்து 89,000 கிலோவாட். மூன்று லட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழும் பிரதேசத்துக்கு இது பெரிய தொகை என்றுதான் தோன்றும்.

ஆனால் கிலோவாட் என்பது யந்திரத்தின் தெம்பைச் சொல்லும் எண்ணே தவிர, ஆற்றின் தெம்பைச் சொல்லும் எண் அன்று. நிம்மூ-பஸ்கோ ஆண்டு முழுவதும் முழு வேகத்தில் ஓடினால் 39 கோடி யூனிட்டுக்கு மேல் மின்சாரம் தர வேண்டும். ஆனால் ஆற்றில் நீர் குறைவாக உள்ள ஆண்டை வைத்து அந்த நிலையத்துக்கு வகுத்திருக்கும் கணக்கு சுமார் 24 கோடி யூனிட்தான். அதிலும் பெரும்பகுதி கோடை மாதங்களில் கிடைப்பது. ஜனவரியில் யந்திரம் இருக்கும், நீர் இராது.

இன்னொரு சங்கடமும் அப்போது இருந்தது. 2014-ல் லடாக் நாட்டின் பொது மின்தொடரோடு இணைக்கப்படவில்லை. தனித் தீவு போல நின்றது. கோடையில் மிஞ்சிய மின்சாரத்தை வெளியே அனுப்பக் கம்பி இல்லை. உள்ளூரிலோ வாங்க ஆள் இல்லை. ஓடுகிற நீர் யந்திரத்தைத் தொடாமலே வழிந்து போயிற்று. கோடையில் மிச்சம் வீண். குளிரில் பற்றாக்குறைக்கு டீசல். இதுதான் அன்றைய நிலைமை.

தேக்கி வைக்க முடியாதா?

'கோடை வெள்ளத்தைப் பெரிய அணையில் தேக்கிவைத்துக் குளிர்காலத்தில் திறந்துவிட்டால் என்ன?' என்று வாசகர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சட்லெஜ் நதியின் மேல் உள்ள பக்ரா அணை அப்படித்தான் நீரைத் தேக்கி வைத்து மாதக்கணக்கில் பயன் தருகிறது. சிந்துவில் அப்படிச் செய்யாததற்கு இரண்டு காரணங்கள்.

முதல் காரணம் ஒப்பந்தம். 1960 செப்டம்பர் 19-ம் தேதி கராச்சியில் பிரதமர் நேருவும் பாகிஸ்தான் ஜனாதிபதி அயூப் கானும் சிந்து நதி நீர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். உலக வங்கி நடுவில் நின்று உருவாக்கிய உடன்பாடு அது. அதன்படி ரவி, பியாஸ், சட்லெஜ் ஆகிய கிழக்கு நதிகள் இந்தியாவுக்கு. சிந்து, ஜீலம், சீனாப் ஆகிய மேற்கு நதிகளின் நீர் பெரும்பாலும் பாகிஸ்தானுக்கு. மேற்கு நதிகளில் இந்தியா மின்சாரம் எடுக்கலாம். ஆனால் ஓடுகிற நீரில் எடுத்துக்கொண்டு நீரைக் கீழே விட்டுவிட வேண்டும். தேக்கம் கட்டவும் ஓரளவு இடம் உண்டு. மூன்று நதிகளுக்கும் சேர்த்து 36 லட்சம் ஏக்கர் அடி என்று உச்சவரம்பு, பல நிபந்தனைகளுடன். இந்த எல்லைக்குள் கட்டப்பட்டவைதான் நிம்மூ-பஸ்கோவும் சூட்டக்கும். அவற்றுக்கும்கூடப் பாகிஸ்தான் ஆட்சேபம் எழுப்பியது.

2025 ஏப்ரலில் பஹல்காமில் நடந்த பயங்கரப் படுகொலைக்கு மறுநாள், 23-ம் தேதி, இந்தியா இந்த ஒப்பந்தத்தை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. அதனால் லடாக்கில் பெரிய தேக்கங்கள் கட்ட வழி திறந்துவிட்டது என்று சிலர் கருதக்கூடும். அங்கேதான் இரண்டாவது காரணம் குறுக்கிடுகிறது. அது பூமியின் அமைப்பு. லடாக்கில் மனிதர் வாழத்தக்க இடமெல்லாம் குறுகிய பள்ளத்தாக்கின் அடியில்தான் இருக்கிறது. ஆற்றை உயரமாகத் தேக்கினால் முதலில் மூழ்குவது வயலும் வீடும் மடாலயமுமே. தவிர, அது நிலநடுக்க அபாயம் மிகுந்த இடம். வண்டல் மிகுந்த ஆறு எந்தத் தேக்கத்தையும் வெகு சீக்கிரம் தூர்த்துவிடும்.

வெள்ள அபாயத்தையும் மறப்பதற்கில்லை. 2010 ஆகஸ்டில் லேயில் ஓர் இரவு மேகம் வெடித்ததுபோல் கொட்டிய மழையில் மண்ணும் கல்லும் சரிந்து இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். 2023 அக்டோபரில் சிக்கிமில் மலை மீதிருந்த பனியேரி ஒன்று உடைத்துக்கொண்டு வந்து, சுங்தாங்கில் தீஸ்தா நதியின் அணையையே அடித்துக்கொண்டு போயிற்று. பனியாறுகள் உருகி ஏரிகள் பெருகிவரும் காலத்தில், இமயத்தில் அணை கட்டுகிறவர்கள் இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் கண்ணெதிரே வைத்துக்கொள்வது நல்லது.

ஆகவே பெருந்தேக்கத்தை நம்பிப் பயனில்லை. துர்புக் ஷியோக், நிமு சில்லிங் போன்ற சிறிய, நடுத்தரத் திட்டங்களுக்கு இந்தியா ஒப்புதல் அளித்திருக்கிறது. அவை வந்தால் நல்லதே. ஆனால் அவையும் ஓடுகிற நீரை நம்பியவை. கோடையில் மிச்சத்தைக் கூட்டும். குளிர்காலப் பள்ளத்தை நிரப்பா.

மலை தாண்டி வந்த கம்பி

பள்ளத்தை நிரப்ப வந்தது வேறொன்று. 2019 பிப்ரவரி 3-ம் தேதி ஸ்ரீநகர்-லே மின்தொடர் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. சுமார் 335 கிலோமீட்டர் நீளம். 2,20,000 வோல்ட் அழுத்தம். செலவு சுமார் 2,266 கோடி ரூபாய். காஷ்மீரத்தின் அலுஸ்தெங்கில் தொடங்கி, ஸோஜி லாவைத் தாண்டி, திராஸ், கார்கில், கல்சி வழியாக லேயை எட்டுகிறது. இந்த நான்கு இடங்களிலும் துணை மின் நிலையங்கள் உண்டு. பனிச்சரிவு விழும் மலைச் சரிவுகளில், ஆண்டில் சில மாதங்களே வேலை செய்ய முடியும் இடத்தில் கோபுரங்களை நட்டவர்களின் உழைப்பு பாராட்டுக்குரியது.

இந்தக் கம்பியின் பெருமை அது இரண்டு பக்கமும் ஓடும் பாதை என்பதுதான். கோடையில் நிம்மூ-பஸ்கோவிலும் சூட்டக்கிலும் மிஞ்சும் மின்சாரம் வெளியே போகலாம். குளிரில் நாட்டின் வேறு பாகங்களில் உற்பத்தியாகும் மின்சாரம் உள்ளே வரலாம். வீணாக வழிந்தோடிய நீருக்கு விலை கிடைத்தது. லேயிலும் கார்கிலிலும் டீசல் யந்திரத்தின் சத்தம் அடங்கத் தொடங்கியது. லடாக்கின் தனித்தீவு வாழ்க்கை அன்றோடு முடிந்தது எனலாம்.

ஆயினும் இந்த ஏற்பாட்டில் இரண்டு குறைகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று, கம்பியின் மறுமுனையில் இருக்கும் காஷ்மீரமும் செழிப்பான களஞ்சியம் அன்று. அங்கும் குளிர்காலத்தில் ஜீலம் நதி இளைத்துவிடுகிறது; அங்கும் கணப்புக்காகத் தேவை உச்சிக்குப் போகிறது; ஆண்டுதோறும் குளிர்காலத்தில் மின்வெட்டு என்பது காஷ்மீர மக்களுக்குப் பழகிய துன்பம். சமவெளியிலிருந்து வரும் மின்சாரத்தையே இருவரும் எதிர்பார்த்து நிற்கிறார்கள். பசித்த வீட்டின் வழியாகத்தான் அடுத்த பசித்த வீட்டுக்குச் சோறு போக வேண்டியிருக்கிறது.

இரண்டாவது குறை, ஒரே கம்பி. ஸோஜி லாவில் ஒரு பனிச்சரிவு இரண்டு கோபுரங்களைச் சாய்த்துவிட்டால், பனி மூடிய அந்த இடத்துக்கு ஆளும் தளவாடமும் போய்ச் சேர்வதே பெரும்பாடு. அதுவரை லடாக் மறுபடியும் தீவுதான். ஆகையால் உள்ளூர் நிலையங்களும், அவசரத்துக்கு டீசல் யந்திரங்களும் கையிருப்பாக இருந்தே தீரவேண்டும். கம்பி வந்துவிட்டது என்பதற்காகப் பழைய சிறு நிலையங்களைப் பராமரிக்காமல் விடுவது, மருமகன் வந்தான் என்று மகனை வீட்டை விட்டு அனுப்புவதற்கு ஒப்பாகும்.

மேலும், பெருங்கம்பி லேயை அடைந்துவிட்டால் லடாக் முழுவதையும் அடைந்துவிட்டதாகப் பொருளில்லை. கர்துங் லா கணவாய்க்கு அப்பால் நூப்ரா இருக்கிறது. குளிர்காலத்தில் பாதைகள் அடைபட்டு, உறைந்த ஆற்றின் மீதே மக்கள் நடந்து வெளிவந்து பழகிய ஜான்ஸ்கார் இருக்கிறது. திபெத் எல்லையை ஒட்டிய சாங்தாங் மேட்டு நிலம் இருக்கிறது. நூப்ராவுக்கும் ஜான்ஸ்காருக்கும் உயர் அழுத்தக் கம்பி கொண்டு செல்லத் திட்டங்கள் வகுக்கப்பட்டன. அவை எவ்வளவு விரைவில் நிறைவேறுகின்றன என்பதைப் பொறுத்தே அந்த மக்களின் குளிர்காலம் அமையும்.

சூரியன் தரும் செல்வம்

லடாக்கில் நீர் ஏமாற்றினாலும் ஏமாற்றாத செல்வம் ஒன்று உண்டு. அது வெயில். மேகம் அருகிய வானம், மெல்லிய காற்று, ஆண்டில் முந்நூறு நாட்களுக்குக் குறையாத சூரிய ஒளி. சூரிய ஒளித் தகடுகளுக்கு வெயில் வேண்டும், வெப்பம் வேண்டாம். குளிர்ந்த காற்றில் அவை இன்னும் நன்றாகவே வேலை செய்யும். ஆறு உறைந்து கிடக்கும் ஜனவரியிலும் பகலில் லடாக்கின் வானம் பெரும்பாலும் தெளிந்தே இருக்கும். நீர் ஓய்ந்த இடத்தில் வெயில் கைகொடுக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று துணை.

இதைக் கண்டுதான் பெருந்திட்டம் ஒன்று உருவாயிற்று. 2023 அக்டோபரில் மத்திய மந்திரிசபை ஒப்புதல் கொடுத்த திட்டப்படி, மணாலி-லே சாலையில் சுமார் 15,000 அடி உயரத்திலுள்ள பாங் பகுதியில் வெயிலிலும் காற்றிலும் இருந்து 1 கோடியே 30 லட்சம் கிலோவாட் மின்சாரம் எடுக்க உத்தேசம். நிம்மூ-பஸ்கோ, சூட்டக் இரண்டும் சேர்ந்த சக்தியைப்போல் சுமார் 146 மடங்கு! அந்த மின்சாரத்தை ஹரியானாவிலுள்ள கைத்தல் வரை கொண்டுபோக 713 கிலோமீட்டர் மின்தொடர். மின்தொடர் வேலைக்கு மட்டும் மதிப்பீடு 20,773 கோடி ரூபாய். அதில் 40 சதவீதம் மத்திய சர்க்காரின் உதவி. 1 கோடியே 20 லட்சம் யூனிட்டைச் சேமித்து வைக்கும் மின்கலங்களும் திட்டத்தில் உண்டு. 2029-30-ம் ஆண்டுக்குள் முடிப்பது இலக்கு.

நாட்டுக்கு இது தேவையான திட்டம் என்பதில் ஐயமில்லை. நிலக்கரிப் புகையைக் குறைக்க வேண்டுமானால் இப்படிப்பட்ட முயற்சிகள் வேண்டும். ஆனால் லடாக் மக்களின் கண்ணோட்டத்தில் மூன்று கேள்விகள் எழுகின்றன.

முதல் கேள்வி நிலத்தைப் பற்றியது. பாங் பகுதியை வெற்றுப் பாலைவனம் என்று வரைபடம் காட்டலாம். சாங்பா என்ற மேய்ச்சல் மக்களுக்கு அது வாழ்வு. அவர்கள் மேய்க்கும் வெள்ளாடுகளின் மெல்லிய உள்ரோமந்தான் உலகப் புகழ் பெற்ற பஷ்மினா கம்பளி. புல் முளைக்கும் இடம் தேடிப் பருவத்துக்குப் பருவம் பெயரும் அவர்களுக்குப் பட்டா நிலம் என்று தனியே கிடையாது. திறந்த வெளியே அவர்கள் சொத்து. பல்லாயிரம் ஏக்கரில் தகடுகளும் வேலிகளும் வந்தால் ஆடு எங்கே மேயும்? 2024 மார்ச்சில் லேயில் சோனம் வாங்சுக் 21 நாள் உண்ணாவிரதம் இருந்தபோது முன்வைத்த குறைகளில் மேய்ச்சல் நிலப் பிரச்னையும் ஒன்று.

இரண்டாவது கேள்வி அதிகாரத்தைப் பற்றியது. 2019 அக்டோபர் 31 முதல் லடாக் தனி யூனியன் பிரதேசம். அதற்குச் சட்டசபை வைக்கப்படவில்லை. லேக்கும் கார்கிலுக்கும் மலைநாட்டு அபிவிருத்தி சபைகள் உண்டு; ஆனால் இத்தனை பெரிய காரியங்களில் அவற்றின் குரல் எவ்வளவு தூரம் எட்டும் என்பதே வழக்கு. மாநில அந்தஸ்தும், அரசியல் சட்டத்தின் ஆறாவது அட்டவணைப் பாதுகாப்பும் வேண்டும் என்று எழுந்த கிளர்ச்சி, 2025 செப்டம்பர் 24-ம் தேதி லேயில் கலவரமாகி, நான்கு உயிர்களைப் பலிகொண்டது. மின்சாரத் திட்டம் ஒன்றே அதற்குக் காரணம் என்று கூறுவது தவறு. ஆனால் தங்கள் நிலத்தைப் பற்றித் தங்களைக் கேட்காமல் முடிவு செய்துவிடுவார்களோ என்ற அச்சம் அந்தக் கிளர்ச்சியின் அடியில் ஓடியது என்பதை மறுக்க முடியாது.

மூன்றாவது கேள்வி பங்கைப் பற்றியது. நீர்மின் நிலையம் அமையும் மாநிலத்துக்கு உற்பத்தியில் 12 சதவீதம் இலவசமாகத் தரவேண்டும் என்பது மத்திய சர்க்காரின் நீர்மின் கொள்கையிலுள்ள ஏற்பாடு. 2008-ம் ஆண்டுக் கொள்கை, உள்ளூர் அபிவிருத்திக்கென மேலும் 1 சதவீதத்தைச் சேர்த்தது. ஆற்றை விட்டுக்கொடுப்பவனுக்கு உள்ள இந்த உரிமை, வெயில் விழும் நிலத்தை விட்டுக்கொடுப்பவனுக்கு ஏன் இருக்கக் கூடாது? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பாங் மின்கலங்களின் சேமிப்பில் பத்தில் ஒரு பங்கைக் குளிர்கால இரவுகளில் லடாக்குக்கென்று ஒதுக்கினால் 12 லட்சம் யூனிட் ஆகிறது. 2011-ம் ஆண்டு ஜனத்தொகைப்படி ஆளுக்கு, ஓர் இரவுக்கு, நான்கு யூனிட்டுக்கு மேல். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு இருபது யூனிட்டுக்கு மேல் கிடைக்கும். ஒரு வீட்டைக் கதகதப்பாக வைக்க அது பெரிய உதவி. மீதி ஒன்பது பங்கு நாட்டுக்குப் போகலாம், யாருக்கும் குறைவில்லை.

ஆனால் இந்தப் பங்கு எழுத்தில் இருக்க வேண்டும். பாங்கிலிருந்து கைத்தலுக்குப் போகும் கம்பி லடாக்கின் தலைக்கு மேலே போய்விட்டு, அடியிலிருக்கும் கிராமம் சாண அடுப்போடு நின்றுவிட்டால், அதைவிடப் பெரிய அநீதி வேறு இருக்காது.

வீட்டுக்குள்ளேயே மின் நிலையம்

மின்சாரம் எடுப்பதைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டு, மின்சாரம் மிச்சப்படுவதைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. லடாக்கின் குளிர்காலத் தேவையில் பெரும்பகுதி விளக்குக்கு அன்று, கணப்புக்கு. சிமெண்டு வீடு வெப்பத்தை வேகமாக இழக்கும். பழைய லடாக்கி வீடோ தடித்த மண் சுவரால் ஆனது. தெற்கு நோக்கிய பெரிய கண்ணாடிச் சாளரமும், வெப்பத்தைப் பிடித்து வைக்கும் மண் சுவரும், கூரைக்கு நல்ல காப்பும் அமைத்தால் பகல் வெயிலே இரவு வரை வீட்டைக் காக்கும். லேக்கு அருகே பே கிராமத்தில் உள்ள கல்வி இயக்கத்தின் விடுதி இம்முறையில் கட்டப்பட்டது. வெயிலைக் கொண்டே அது குளிரைச் சமாளிக்கிறது. ஒவ்வொரு புதிய பள்ளியும் ஆஸ்பத்திரியும் சர்க்கார் கட்டடமும் இவ்விதம் எழுந்தால், உறைந்த ஆற்றிடம் கேட்க வேண்டிய கடன் அத்தனையும் குறையும்.

பூமியின் உள்சூட்டையும் நாடியிருக்கிறார்கள். சுமார் 14,000 அடி உயரத்தில் வெந்நீர் ஊற்றுகள் உள்ள பூகா பள்ளத்தாக்கில் 1,000 கிலோவாட் பரிசோதனை நிலையம் அமைக்க 2021 பிப்ரவரியில் எண்ணெய், இயற்கை வாயுக் கழகத்தோடு ஒப்பந்தம் ஆயிற்று. 2022-ல் துளையிடும்போது சூடான நீர் ஓடையில் கலந்து, வேலை தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. பூமிச் சூட்டுக்குக் கோடையும் இல்லை, குளிரும் இல்லை. ஆகவே பொறுமையோடு தொடர வேண்டிய முயற்சி இது. ஆனால் அவசரப்பட்டு ஓடையைக் கெடுத்துவிடக் கூடாது.

அளவுகோல் எது?

லடாக்கின் மின்சாரக் கதையிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகிறது. நீர் மட்டும் போதாது. வெயில் மட்டும் போதாது. கம்பி மட்டும் போதாது. கோடைக்கு ஆறு, குளிர்காலப் பகலுக்கு வெயில், இரவுக்கு மின்கலமும் வெளியிலிருந்து வரும் கம்பியும், கம்பி அறுந்த நாளுக்கு உள்ளூர்ச் சிறு நிலையம், எல்லாவற்றுக்கும் அடியில் வெப்பத்தை வீணாக்காத வீடு. இந்த ஐந்தும் கைகோத்தால்தான் காரியம் நடக்கும். இதில் ஏதேனும் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை மறந்தால் பழைய சங்கடமே திரும்பும்.

திட்டங்களின் பெருமையைக் கிலோவாட்டில் சொல்வது வழக்கம். கோடி, லட்சம் என்று எண்கள் அடுக்கப்படுகின்றன. ஆனால் லடாக்கின் மின்சாரத்தை அளக்க வேண்டிய அளவுகோல் ஒன்றே: ஜனவரி மாதத்து நள்ளிரவில், சூரு நதி உறைந்து கிடக்கும்போது, திராஸில் ஒரு பிரசவ அறையின் விளக்கும் கணப்பும் அணையாமல் இருக்கின்றனவா? சாங்தாங்கில் ஆடு மேய்ப்பவன், தன் மேய்ச்சல் நிலத்தில் விளைந்த மின்சாரத்தில் ஒரு துளியைத் தன் வீட்டிலும் காண்கிறானா? இந்த இரண்டு கேள்விகளுக்கும் 'ஆம்' என்று விடை கிடைக்கும் நாளே அத்தனை அணைகளும் கம்பிகளும் பலன் தந்த நாள்.